கண்ணில் ஒற்றிய கை

முழங்கையால் இடிப்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடம் போக எங்களுக்குக் காலையில் ஒரே பஸ். அதில் ஏறத் தெரிந்தவளுக்கு, கூடைக்குக் கீழே இடம்பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய மிஸ், என் உயரத்தைப் பார்த்து முதலில் உதட்டைப் பிதுக்கினார். இரண்டு நெட்டைகளை இடுப்பால் ஒதுக்கிவிட்டு நான் பந்தை எடுத்ததைக் கண்டதும் அணியில் சேர்த்துக்கொண்டார்.

கடைசி வருடத்தில் விளையாட்டே மாறிப்போனது. முன்பெல்லாம் யாராவது சுருண்டு விழுந்தால்தான் நடுவர் விசிலை வாயில் வைப்பார். இப்போது கை பட்டால் விசில், தோள் உரசினால் விசில். மேலிடத்துக் கண்டிப்பாம். ஐந்து பவுல் ஆனால் வெளியே போக வேண்டும் என்பது பழைய சட்டம்தான். அந்த ஐந்தும் இவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்று யார் கண்டது? பூப்பறிக்கவா வந்திருக்கிறோம் என்று நான் கத்தாத நாளில்லை.

கத்தினாலும் முழங்கையை அடக்கப் பழகிவிட்டேன். அடக்க முடியாதது வேறொன்று. யார் மேலாவது என் கால் பட்டுவிட்டால், அவரைத் தொட்டு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். லயத்து வரிசை வீட்டில் ஒரே அறையில் எல்லோரும் படுத்தெழும்பி வளர்ந்தவர்கள் நாங்கள். யார் மேலும் கால் படாமல் வெளியே போக முடியாது. அதனால் கை தானாகப் போகும்.

எங்கள் போட்டிகளுக்கு வரும் நடுவர் சிங்களவர். பதுளையில் நெடுங்காலம் வேலை செய்தவர், எங்கள் பழக்கவழக்கம் தெரிந்தவர். நெரிசலில் யார் காலை யார் தட்டினார்கள் என்று பிடிபடாதபோது, யார் கை கண்ணுக்குப் போகிறது என்று பார்ப்பார். போனதும் ஊதுவார். எங்கள் அணியில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். கேட்காமலே குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒவ்வொருத்தியாக வெளியே போய்க்கொண்டிருந்தோம்.

அதே மலைப்பக்கத்து வெலிமடைக்காரரான மிஸ்ஸுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. இருந்தும் தலையில் அடித்துக்கொண்டார். "கால் பட்டா பட்டதுதான். கைய மடக்கிக்கிட்டு ஓடுங்க. சாமிகிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். நடுவருக்கு இடிப்பதும் மிதிப்பதும் ஒன்று. எனக்கு அப்படியில்லை. முழங்கை விளையாட்டோடு சேர்த்தி, அவளும் இடிப்பாள், நானும் இடிப்பேன், அங்கேயே தீர்ந்துவிடும். கால் பட்டால் அவளை ஒரு ஆளாகவே மதிக்காத மாதிரி. இதைச் சட்டப் புத்தகம் எழுதியவர்களுக்கு எப்படி விளங்கவைப்பது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

கொழும்பில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போக, பண்டாரவளையில் ஒரு போட்டியை வென்றாக வேண்டும். அடுத்த வருடம் ஏதோவொரு தோட்டப் பாடசாலையில் கரும்பலகைக்கு முன்னால் சோக்கும் கையுமாக நிற்கப்போகிறவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. பூனாகலையில் இருக்கும் அக்காவிடம், மரத்தரை போட்ட உள்ளரங்கில் விளையாடப்போகிறேன் என்று வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே பீற்றிக்கொண்டும் விட்டேன்.

போட்டி முடிய ஒரு நிமிடமும் இல்லை. ஒரு புள்ளி முன்னால் நிற்கிறோம். என் பெயரில் ஏற்கனவே நான்கு பவுல். எதிரணி நெட்டைப் பெண் கூடைக்குக் கீழே பந்தை எறியத் திரும்பினாள். நான் குறுக்கே பாய்ந்தேன். என் சப்பாத்து அவள் கணுக்காலில் பலமாகப் பட்டது. அவள் விழுந்தாள், பந்து எங்கள் பக்கம் உருண்டது.

நடுவருக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டு பேர் நின்றார்கள். அவர் எங்கள் கால்களைப் பார்த்திருக்க வழியில்லை. மிஸ் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது, கையை மடக்கித்தான் வைத்திருந்தேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு காலைப் பிடித்ததைப் பார்த்ததும் விரல்கள் விரிந்துவிட்டன. அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விசில் கேட்டது.

ஐந்தாவது பவுல். வெளியே மர வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் நொண்டிக்கொண்டே போய், கிடைத்த இரண்டு எறிகளையும் கூடைக்குள் போட்டாள். தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்து ஆறியிருப்பேன். மிஸ் மட்டும், "கைய மடக்க சொன்னேனே புள்ள" என்றார்.

"மடக்கித்தான் வச்சிருந்தேன் மிஸ்" என்றேன்.

ஹாலிஎலைக்குக் கிட்ட வரும்போது மிஸ் எழும்பி எல்லோருக்கும் பேக்கரியில் வாங்கிய பணிஸ் கொடுத்துக்கொண்டு வந்தார். வளைவில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. அவர் தடுமாறி என் காலை மிதித்துவிட்டார். உடனே குனிந்து, என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பின் சீட்டிலிருந்து யாரோ ஒருத்தி வாயாலேயே விசில் அடித்தாள். "மிஸ்ஸுக்கு ஒரு பவுல்" என்றாள் இன்னொருத்தி.

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கொழும்புக்குப் போகப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பணிஸை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.