எண்ணெய் தேய்த்த ரிம்

ஆயுத பூஜைக்குச் சைக்கிளைத் துடைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எவனும் கண்டுபிடித்ததுபோல் வந்து சொல்ல வேண்டாம்.

தாராவியில் எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு இட்லிதான் பிழைப்பு. விடியும் முன் அவித்து, பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கிச் சைக்கிளின் பின்னால் கட்டி, சாம்பார்த் தூக்கை முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்புவோம். நான் போவது செம்பூருக்கு. எங்களுக்குச் சைக்கிள்தான் ஆயுதம். பூஜையன்று அதைக் கழுவிப் பொட்டு வைப்போம். அந்த வருஷம் துரு போகட்டும் என்று தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்துச் செயின், அச்சு, ரிம் எல்லாவற்றையும் தேய்த்தேன்.

எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன வே, சைக்கிளுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா?" என்றார்.

"உம்ம மூஞ்சிய விட பளபளன்னுதான் இருக்கு, போவும்" என்றேன்.

மறுநாள் சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. அத்தனை பாரத்தோடு மிதிப்பதை நிறுத்தினாலே வண்டி நாலு அடியில் நின்றுவிடும். பிரேக்கைத் தொடவே வேண்டாம். ரயில்வே மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறினேன். உச்சியில் சீட்டில் ஏறி உட்கார்ந்து வண்டியை இறக்கத்தில் விட்டேன்.

பாதி இறக்கத்தில் பிரேக் பிடித்தேன். பிடி கைப்பிடியோடு போய் ஒட்டியது. பிரேக் கட்டை ரிம்மில் வழுக்கிக்கொண்டு ஓடியது, அவ்வளவுதான். ரப்பர் கட்டை ரிம்மைக் கவ்வி உரசினால்தான் சக்கரம் நிற்கும். அந்த உரசலை நானே முந்தின நாள் உட்கார்ந்து துடைத்து எடுத்திருக்கிறேன். அது அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. பிரேக் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

செருப்புக் காலைத் தரையில் வைத்தேன். வார் பிய்ந்து செருப்பு போயிற்று. வெறுங்குதிகாலை வைத்தேன். தோல் போனது, வேகம் போகவில்லை. கீழே, பாலம் முடிகிற இடத்தில், ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.

"ஹட்டோ! பிரேக் நஹி ஹை! ஹட்டோ!"

விலகு, பிரேக் இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் காதில் போன். திரும்பவே இல்லை. வலது பக்கம் பஸ், இடது பக்கம் பாலத்துச் சுவர். என் சாம்பாரும் பாத்திரமும் நானும் சேர்ந்து அந்தக் குழந்தை மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை நினைத்தேன். இரண்டாம் முறை நினைக்க நேரமில்லை. சுவர்மேல் சாய்ந்தேன். பூசாத சிமெண்ட். தோள், முழங்கை, தொடை, முழங்கால் எல்லாவற்றையும் அதில் கொடுத்து உரசிக்கொண்டே போனேன். சட்டை கிழிந்த சத்தமும் நான் கத்திய சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அவளுக்கு இரண்டு கை தூரத்தில் வண்டி நின்றது. பிறகு கவிழ்ந்தது. கொதிக்கிற சாம்பார் முழுக்க என் இடது காலில்.

"அந்தா ஹை க்யா? பச்சே கோ மார் டாலேகா?"

கண் தெரியாதா, பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். குழந்தை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

பிரேக் அறவில்லை, ரிம்மெல்லாம் எண்ணெய் என்று சைக்கிள் கடைக்காரர் பார்த்துச் சொன்னார். வீட்டில் கட்டோடு படுத்துக்கொண்டு மனைவியைத்தான் முதலில் திட்டினேன். "ரிம்முல எவ எண்ணெய் போட்டது?"

"நீங்கதான தேச்சிய. நான் சந்தனம் மட்டுந்தான் வச்சேன்."

மகள் ஹிந்தியும் தமிழுமாகப் பேசுகிறவள். "ஆயில் போட்டா ஃப்ரிக்‌ஷன் போயிரும்பா. எய்த் க்ளாஸ் புக்லயே இருக்கு. மாலும் நஹி க்யா?"

"ஏளா, தெரிஞ்சா தேய்ப்பனா?"

அச்சில் எண்ணெய் போட்டால் நன்றாக ஓடும். அது தெரியும். இருபது வருஷமாக ஓட்டத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். நிறுத்துவதைப் பற்றி யோசிக்கச் சோறு விடவில்லை. அச்சு வேறு ரிம் வேறு என்று சொல்ல எனக்கு ஒரு நாதியும் இல்லை.

எழுந்து நடக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் செம்பூர் வாடிக்கையில் பாதி வேறு ஆளுக்குப் போய்விட்டது. ரிம்மைச் சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை தேய்த்தேன், கட்டையும் புதிது மாட்டினேன். பிரேக் இப்போது கல்லாகப் பிடிக்கிறது. ஆனாலும் பாலத்தின் உச்சி வந்ததும் என் கால் பெடலில் ஏற மாட்டேன் என்கிறது. தள்ளிக்கொண்டே நடக்கிறேன். பாரம் முன்னே இழுக்க, பின்னால் சாய்ந்து, புண் ஆறாத குதிகாலை ஊன்றி ஊன்றிப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். செம்பூர் போய்ச் சேரும்போது ஆபீஸ் போகிற கூட்டம் போயிருக்கும், இட்லி ஆறியிருக்கும். மீந்ததை அப்படியே திரும்பத் தள்ளிக்கொண்டு வருகிறேன். திரும்பும்போதும் அதே பாலம்.