கண்மாய்க்குள் எங்கள் வீடு

மகளின் முழங்கால் காயத்துக்குப் புதுக் கட்டுத்துணியைப் பிரித்ததும், இராஜபாளையத்தில் கண்மாய்க்கரை நெடுக வெளுத்துக் காயப்போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிகளின் ஈர வாசம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எட்டு வயதில் அங்கே குடிபோனபோது, படித்துறைக் குளத்தையே பார்த்திருந்த நான் அதையும் குளம் என்றேன். வகுப்புத் தோழி பேச்சி சிரித்தாள். "ஏட்டி, குளம்னா நாம குளிக்கதுக்கு. இது கண்மாய். மடையத் தொறந்தா எங்க வயலு குடிக்கும்."

தொண்ணூறுகளில் மடையை அடைத்து, கண்மாயை மேடாக்கி மனை போட்டார்கள். அப்பாவும் மடையை ஒட்டி ஒன்று வாங்கினார். பேச்சியின் வயல் காய்ந்தது. அவள் படிப்பை விட்டு மில்லுக்குப் போனாள். எங்கள் புதுவீட்டைப் பார்க்க வந்தவளிடம், கிணறு எங்கே வெட்டலாம் என்று அம்மா கேட்டாள்.

மடை இருந்த இடத்தைக் காட்டி, "இங்க வெட்டுங்க அத்தை, நல்லா ஊறும்" என்றாள் பேச்சி.

அந்தக் கிணறு இன்றுவரை வற்றவில்லை. வற்றித் தொலைத்தால் தேவலை என்று கோடைதோறும் எனக்குத் தோன்றுகிறது.