நூற்றுப் பன்னிரண்டு ஒயர்கள்

மாணவர்கள் இயக்குநர் அம்மாவுக்கு வைத்த பட்டப்பெயர் ரெட்டைச்சாவி. பல்கலைக்கழக நூலகத்தையும் கணினி மையத்தையும் ஒன்றாக இணைத்தபோது இரண்டின் சாவிகளும் அவர் கைக்கு வந்தன. புத்தகம் அடுக்கும் வேலையில் சேர்ந்து, இருபத்தாறு வருடத்தில் இயக்குநரானவர்.

சாவிகள் சேர்ந்தனவே தவிர, ஆட்கள் சேரவில்லை. புத்தகங்களுக்கு எண் போடும் பட்டியலாளரும் கணினி இன்ஜினியரும் எட்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நான்கு லட்சம் புத்தகங்களையும் ஒரே இடத்தில் தேடும் வசதி அன்று மாலை நான்கு மணிக்குத் தொடங்க வேண்டும். இயக்குநருக்குக் காலையில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்று கணவர் கேலி செய்து அனுப்பினார்.

ஒன்பதே காலுக்குக் கீழ்த்தளத்தில் குழாய் உடைந்து, சர்வர் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. இன்ஜினியர் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார். இயந்திரங்களை மாடிக்குத் தூக்கிவிடலாம், ஆனால் எந்த ஒயர் எங்கே என்று பார்த்து மாட்ட மூன்று நாளாகும், தொடக்க விழாவைத் தள்ளிப்போடுங்கள் என்றார்.

பட்டியலாளர் விறுவிறுவென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே இயக்குநர் நினைத்தார். இரண்டு நிமிடத்தில் அவர், புத்தக முதுகில் ஒட்டும் லேபிள் சுருளோடு திரும்பி வந்தார்.

"ஒயர்லயும் அது சொருகியிருக்கிற இடத்துலயும் ஒரே நம்பர் ஒட்டிடறேன் சார். அப்புறம் யார் மாட்டினாலும் மாறாது."

"நூத்துப்பன்னெண்டு இருக்கே."

"நான் ஒரு நாளைக்கு முந்நூறு ஒட்டறவன். நீங்க கழட்டுங்க."

இயக்குநர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நின்று டார்ச் பிடித்தார். ஒருவர் கழற்ற, ஒருவர் ஒட்ட, நூலக ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று, கை மாற்றிக் கை மாற்றி எல்லாவற்றையும் பத்திரிகை அறைக்கு ஏற்றினார்கள். யாருக்கும் பசி தெரியவில்லை. முடித்துவிடுவோம் போலிருக்கிறதே என்று இயக்குநருக்குத் தோன்றியது.

எண் பார்த்து ஒயர்களை மாட்டி முடித்ததும், மூன்று ஐம்பதுக்குச் சர்வர்களின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. முதலில் தேடுவதற்கென்று இயக்குநர் நல்ல சொல் ஒன்றை யோசித்து வைத்திருந்தார். அது மறந்தே போனது. விரல் தானாக 'தண்ணீர்' என்று தட்டியது. இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் வந்து விழுந்தன. அறையே சிரித்தது.

தாழ்வாரத்துக்குப் போய்க் கணவரை அழைத்தார். விழா நேரத்தில் அழைப்பு வந்ததும் கணவர் பதறிவிட்டார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"வந்துடுச்சுங்க," என்றார். "எல்லாம் வந்துடுச்சு."

அடுத்த வாரம், சர்வருக்கு மாடியிலேயே அறை கேட்டு அவர் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. கீழே இரண்டு கையெழுத்துகள், பட்டியலாளருடையதும் இன்ஜினியருடையதும்.