கால் மரத்த பிறகும் ஓடினேன்

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய், பாதத்தை இறுகக் கவ்விப் பிடிக்கிற ஷூ ஒன்றை வாங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டிய தூரத்தை ஒரே வாரத்தில் இரண்டு மடங்காக்கினேன்.

அந்த ஞாயிறு, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி சாலையில் ஓடினேன். தோழி மும்தாஜ் தண்ணீரோடு ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். வெயில் ஏற ஏறப் பாதம் வீங்கி, விரல்கள் மரத்துப்போயின.

"செத்த நேரம் நில்லுடி" என்றாள்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று ஓடினேன். வலது கால் தரையில் பட்டதே தெரியாமல், தடுமாறி நடுச்சாலையில் விழுந்தேன். எதிரே வந்த லாரி ஹாரன் அலற, மயிரிழையில் விலகிப் போனது.

மும்தாஜ் என்னை ஓரத்துக்கு இழுத்து ஷூவைக் கழற்றினாள். விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"ஒனக்கு ஒண்ணுன்னா ஒங்க அம்மாவுக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்?" என்று அழுதாள்.

எலும்பு முறியாமல் தப்பியது. ஆனாலும் பாதம் தேறும்வரை ஓடாமல் வீட்டுக்குள் உலாத்திய வாரங்கள்தான் பெரும்பாடு.

இப்போது பாதம் விரிந்திருக்கும் மாலையில், ஓடும்போது போடுகிற சாக்ஸோடு போய், விரல்நுனிக்கு முன்னால் இடம் விட்டுத்தான் ஷூ வாங்குகிறேன். தூரத்தை மெதுவாகவே கூட்டுகிறேன். கால் மரத்தால், பாதி வழியானாலும் வெட்கப்படாமல் ஸ்கூட்டரில் ஏறிவிடுகிறேன்.