அடையாறு தொட்டியில் யார் கைவைத்தது?

“செடி வெச்ச தொட்டியா? மீனு நிக்கும்மா, செடி நிக்காது. பாசி புடிச்சிக்கினு என்கிட்டதான் வந்து நிப்பே.”

தி. நகரில் நான் வேலை பார்த்த வண்ணமீன் கடை முதலாளி, நான் வேலையை விட்ட அன்று சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாவரவியலில் பட்டமும் வாங்கியவள். பாக்கிச் சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தனியாகக் கிடைத்த முதல் வேலை, அடையாறில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மீனோடு செடிகளும் வளரும் கண்ணாடித் தொட்டி அமைப்பது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். தொட்டியின் ஒரு பக்கம் கருங்கற்களை உயர்த்தி அடுக்கினேன். மறுபக்கம் வெண்மணலைப் பாதைபோலப் பின்னால் போகப்போகக் குறுக்கினேன். அப்போதுதான் சின்னத் தொட்டிக்குள் தூரம் தெரியும். முன்னால் புல், கடைசியில் சிவப்புச் செடிகள். அந்தச் சிவப்பு நிற்கப் பகலெல்லாம் கரியமில வாயு வேண்டும். தொட்டிக்குக் கீழே சிறிய சிலிண்டர் ஒன்றை வைத்து, குமிழிகள் நிதானமாக வரும்படி வால்வைத் திருகி வைத்தேன். இது நன்றாக வந்தால் எதிர்வீட்டிலும் ஒரு தொட்டி அமைக்கச் சொல்வதாகப் பேச்சு. வராவிட்டால் மறுபடியும் முதலாளி கடையில் வலை பிடிக்க வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டில் சாவி வாங்கிப் பகலில் போய்ப் பார்ப்பேன். சில வாரங்களில் கற்களின்மேல் நூல் நூலாகப் பாசி படர்ந்தது. சிவப்பு வெளுத்தது. குனிந்து பார்த்தால் வால்வு மூடியிருந்தது. தானாக மூடிக்கொண்டதில்லை, யாரோ கையால் இறுகத் திருகியது. திறந்துவிட்டு வந்தேன். அடுத்த முறையும் மூடியிருந்தது.

அந்த வீட்டுக்கு மீன் தீவனம் இன்னும் முதலாளி கடையிலிருந்துதான் போகிறது. கொண்டுபோகும் ஆளுக்கும் அதே பக்கத்து வீட்டில் சாவி கிடைக்கும். கடைக்குப் போய் நின்றேன்.

“இன்னாம்மா, பாசி வந்துச்சா?” என்றார் முதலாளி.

“யாருண்ணே சொன்னது?”

“யாரு சொல்லணும்? உன் மூஞ்சிலயே கீதே” என்று சிரித்தார்.

அவர் ஆள்தான் மூடுகிறான் என்று முடிவுகட்ட அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது எனக்கு.

மறுநாள் சொல்லாமல் காலையிலேயே அடையாறு போனேன். வீட்டுக்கார அக்கா அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்தார். கீசரை அணைத்தார். அடுப்பு சிலிண்டரை மூடினார். அதே வேகத்தில் கூடத்துக்கு வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து, என் வால்வையும் திருகினார்.

“அக்கா, அதை ஏன் மூடறீங்க?”

“கேஸ்தானே? வீட்டப் பூட்டிட்டுப் போறப்போ கேஸத் தெறந்து வெச்சிட்டா போவாங்க?”

“இது எரியற கேஸ் இல்லக்கா. சோடாவுல இருக்குமே, அது. சார்கிட்ட எல்லாம் சொன்னேனே.”

“நல்ல ஆளப் பாத்து சொன்னே. அவருக்கு அடுப்பு கேஸயே எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியாது.”

எங்கள் அம்மாவும் தெருமுனைக்குப் போனால்கூட சிலிண்டரை மூடிவிட்டுத்தான் போவார். விளக்கிச் சொன்னேன். “நீ படிச்ச பொண்ணு, சரியாத்தான் இருக்கும்” என்றார் அக்கா. ஆனால் அவர் கண் சிலிண்டரைவிட்டு நகரவில்லை. அந்தச் ‘சரி’யை நான் நம்பவில்லை. முதலாளிக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

சிலிண்டரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாமா என்று யோசித்தேன். பூட்டிய பெட்டிக்குள் கேஸ் இருக்கிறதென்றால் அக்கா தூங்கமாட்டார். வாயுவே இல்லாமல் வேறு செடிகள் வைக்கட்டுமா என்று அவர் கணவரிடம் போனில் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். எதிர்வீட்டார் வந்து பார்க்கப்போவது ஞாயிற்றுக்கிழமை.

கணவர் நிதானமாக யோசிக்கட்டும். அக்காவிடம் சொல்லிவிட்டுச் சிவப்புச் செடிகளை வேரோடு எடுத்துவிட்டேன். கற்களைத் தேய்த்துக் கழுவி, வாயு இல்லாமலே மெதுவாக வளரும் பெரணிகளை அவற்றின் இடுக்குகளில் நூலால் கட்டிவிட்டேன். சிலிண்டர் என் ஸ்கூட்டரில், கால் வைக்கும் இடத்தில் இருக்கிறது.