அன்னாள் குனிந்த படம்

அன்னாளுக்கு வாய் நீளம் என்பது அந்த ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயம் முழுக்கத் தெரியும். காயை எடை போடும்போது கங்காணி குறைத்துக் காட்டினால் அங்கேயே நிறுத்திக் கேட்பாள். தலைமுறையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சொந்தமாக்கிப் பட்டயம் கொடு என்று முதலாளி பங்களா வாசலில் நின்று கத்தியவளும் அவள்தான். அந்த வாயை நம்பித்தான் கட்சிக்காரர்கள் பஞ்சாயத்து வார்டுக்கு அவளை நிறுத்தினார்கள். ஜெயித்துவிடுவாள் என்று எதிர்க்கட்சிக்காரனே டீக்கடையில் முனகிக்கொண்டிருந்தான்.

ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் படம் வந்தது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அன்னாள் முக்காடு போட்டுக் குனிந்து, கண்ணை மூடி, அவர் கையில் முத்தம் கொடுக்கிறாள். 'வெளியே பட்டயம், உள்ளே முத்தம்' என்று கீழே எழுத்து.

மதியத்துக்குள் அவள் முகத்தைப் பார்த்துப் பேச ஆளில்லை. கூடக் காய் எடுக்கிற சின்னத்தாய் மட்டும், "ஏன்க்கா, அந்தாளு கையி மெத்துன்னு இருந்துச்சா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவர்களுக்காகத்தான் அவள் தொண்டை வறளக் கத்தியது. நன்றி கெட்ட ஜென்மங்கள்.

அன்னாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளை முக்காடு, நெற்றியில் ஒட்டிய மயிர், கன்னத்தில் ஈரம். முகம் அவளுடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன், நிழல்மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து செத்தான் அவள் மகன் டிஜோ. சவப்பெட்டியை மூடுமுன் வீட்டார் ஒவ்வொருவராகக் குனிந்து கடைசி முத்தம் கொடுப்பதும், அதைப் படம் பிடித்து வைப்பதும் அவர்கள் வழக்கம். மகனின் நெற்றி இருந்த இடத்தில் இப்போது முதலாளியின் கை இருந்தது.

அன்று படம் பிடித்தவன் பூப்பாறையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரிஜின். அவள் நேரே போய் நின்றாள். அவன் மறுக்கக்கூட இல்லை.

"எலக்‌ஷன் வேலையாக்கும் சேச்சி. ரெண்டு பார்ட்டிக்கும் நான்தானே செய்யறது. உங்க போட்டோ எல்லாத்துலயும் நிமிர்ந்தே நிக்கிறீங்க. குனிஞ்சது இது ஒண்ணுதான் கெடைச்சுது."

செருப்பைக் கழற்றியிருக்கலாம். அவளோ வீட்டுக்கு ஓடி, துணிப்பெட்டியின் அடியிலிருந்து அடக்க ஆல்பத்தை எடுத்தாள். மகனைப் புதைத்த நாள்முதல் அவள் புருஷன் மிக்கேல் அதைத் தொட்டதே இல்லை.

"வேண்டாம்டி. தோத்தாத் தோத்துட்டுப் போ. அவன வெளிய எடுக்காத," என்றான்.

"பேரு போயிட்டா இந்த லயத்துல எப்படித் தல நிமிந்து நடக்குறது?"

ஆல்பத்துப் படத்தைப் போனில் பிடித்து, கள்ளப்படத்தோடு சேர்த்து வார்டு குரூப்பில் போட்டாள். முக்காட்டின் மடிப்பு, ஒட்டிய மயிர், கண்ணீர் வழிந்த கோடு எல்லாம் அச்சு அசல் ஒன்றே. சின்னத்தாய் வந்து மன்னிப்புக் கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்னாளும் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் இன்னொரு படம் வந்தது. பெட்டிக்குள் டிஜோவின் முகம் மட்டும், மூக்கில் பஞ்சோடு. 'பெத்த பிள்ளையின் பிணத்தைக் காட்டி ஓட்டுப் பிச்சை.' இதில் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. யாரும் எதையும் ஒட்டவில்லை. அவள் அனுப்பியதில் அவள் குனிந்த பக்கத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

"என்ன இருந்தாலும் பெத்தவ செய்யிற வேலையா இது?" என்றாள் சின்னத்தாய். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். முதல் படம் பொய் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஓட்டை மட்டும் மாற்றிப் போட்டார்கள்.

மிக்கேல் போடவே இல்லை. வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவன் போனில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"கள்ளப்படத்த ரிஜின் செஞ்சான், சரி. எம்புள்ளைய ஊருக்கு அனுப்புனது யாருடி?"

அன்னாள் போனை எடுத்து வார்டு குரூப்பைத் திறந்தாள். அவள் நம்பரிலிருந்துதான் போயிருந்தது.