தெரியாது என்று சொல்ல வைத்தவர்கள்

என் தம்பி பேச ஆரம்பிக்கவே ஆறு வயதாகிவிட்டது. இரண்டாம் வகுப்பு டீச்சர், "இவன் இங்க ஒக்காந்து என்ன பண்ணப் போறான், இட்டுக்கினு போங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தது அம்மாதான். அப்பா அதற்குள் இறந்துபோயிருந்தார். பல் விளக்குவதை மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தாள். சட்டைப் பொத்தானுக்கு இரண்டு வருஷம் ஆனது. அப்போதும் ஒன்று மேலே ஒன்று கீழே போய்விடும். "போட்டுக்கினான் பாரு, என் ராஜா" என்பாள் அம்மா. அவன் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "நானே போட்டேன்" என்று காட்டுவான்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம் எங்கள் வீடு. எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு பொம்மை கம்பெனியில் வர்ணம் அடிக்கும் வேலைக்குப் போனேன். தம்பிக்கு அப்போது இருபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் சொல்லி அவனையும் சேர்த்துவிட்டேன். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி வைத்திருப்பார்கள். அதை வெயிலுக்குத் தூக்கிப் போவது, காய்ந்ததும் திருப்பி எடுத்து வருவது, இது அவன் வேலை. சில நாள் உடைப்பான். மற்றவர்களும் உடைத்தார்கள்.

அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான் உதவித்தொகை என்ற பேச்சு வீட்டுக்குள் வந்தது. "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிட்டா? நீயும் ஒருத்தனக் கட்டிக்கினு போயிடுவ. இவன் சோத்துக்கு யாரு கையப் பாப்பான்?" என்று கேட்டாள். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் கொடுக்கிறது, அதற்கு டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டும், டவுனில் முகாம் போடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அம்மா அவனைத் தலைக்குக் குளிக்கச் சொல்லி, எண்ணெய் வைத்துச் சீவி, தேய்த்த சட்டை கொடுத்துக் கூட்டி வந்தாள். பெரிய மனுஷர்களைப் பார்க்கப் போகிறோம் என்று அவனுக்கும் ஒரே பெருமை. வரிசையில் எங்களுக்கு முன்னால் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா, கழுத்து நிற்காத மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்மா, மாப்ள பாக்கவா வந்திருக்கீங்க? இப்படி இட்டாந்தா உள்ள நல்லாத்தான இருக்கான்னு எழுதிடுவாங்க. எதக் கேட்டாலும் தெரியாதுங்கன்னு சொல்லுங்க. எம்பொண்ணுக்கே ரெண்டு தடவ அலைய வுட்டாங்க."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்மா அவன் தலைமுடியைக் கையால் கலைத்துவிட்டாள். மேல் பொத்தான் இரண்டை அவிழ்த்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பையிலிருந்து சீப்பை எடுத்துத் திரும்பச் சீவிக்கொண்டான். பொத்தானையும் போட்டுக்கொண்டான். அம்மா மறுபடி கலைத்தாள். இப்படி இரண்டு மூன்று தரம். கடைசியில் சீப்பைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே ஒரு வகுப்பறையில் மேசை போட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுதுகிற ஆள் ஒருவர். தம்பி வணக்கம் சொன்னான். டாக்டர் அவனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"தானா குளிப்பானா?"

"தெரியாதுங்க."

"துணி போடுவானா?"

"தெரியாதுங்க. நாந்தான் போட்டு வுடணும்."

"சாப்பாடு?"

"ஊட்டணும்ங்க."

"ஒண்ணுக்கு ரெண்டுக்கு?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "அதுவும் தெரியாதுங்க. படுக்கையிலயே போயிடுவான்."

தம்பி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாப் பேச்சும் புரியாது. ஆனால் இது புரிந்தது. "அம்மா, நான் போவ மாட்டேன். நானே குளிப்பேன் இல்ல? சொல்லும்மா" என்றான்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். எழுதுகிற ஆளும் சிரித்தார். "என்னம்மா, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? ஒம் புள்ளையே காட்டிக் குடுத்துட்டான் பாரு. லேசான குறைதான். போ, போ. அடுத்த ஆள வரச் சொல்லு."

அவ்வளவுதான். அவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. வேலை முடிந்தால் வீட்டுக்கு வர வழி தெரியுமா, யாராவது ஏமாற்றினால் தெரியுமா, ஒன்றும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, பொய் சொன்னவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அந்த மேசையைக் கவிழ்த்துப் போட வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லை. "வாம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.



மறுநாள் காலையில் அம்மா வெந்நீர் எடுத்து வைத்துவிட்டு, "போய்க் குளிடா, வேலைக்கு நேரமாவுது" என்றாள். அவன் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொண்டான். சொம்பைத் தொடவில்லை.

"என்னடா?"

"எனக்குத் தெரியாது. நீதான சொன்ன."

அம்மா சிரித்தாள். கெஞ்சினாள். "அது அந்த ஆபீசருக்குச் சொன்னதுடா, சும்மாக்காட்டியும்" என்றாள். சும்மா ஒன்றைச் சொல்வது என்பது அவனுக்குத் தெரியாத விஷயம். அதை யாரும் அவனுக்குக் கற்றுக் கொடுத்ததில்லை. அம்மா "முடியும்" என்று சொன்னதால்தான் இத்தனை வருஷம் அவனுக்கு முடிந்தது. அவளே முடியாது என்று சொல்லிவிட்டாள். அடுத்து சட்டையை நீட்டிக்கொண்டு நின்றான். சோற்றுத் தட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கம்பெனிக்கு வரவில்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். பல மாதம் ஆகியும் சரியாகவில்லை. பதினைந்து வருஷம் அவள் கட்டியது ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது. மூச்சு வாங்க வாங்க, மீசை முளைத்த பிள்ளைக்கு அவள் சோறு ஊட்டினாள்.

அடுத்த வருஷம் மறுபடி முகாம் வந்தது. அம்மா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், நான் லீவு போட்டுவிட்டு அவனை அழைத்துப் போனேன். இந்த முறை வேறு டாக்டர், சின்ன வயது. அதே கேள்விகள்.

"குளிப்பாரா?"

"இப்பக் குளிக்க மாட்டான் சார். போன வருஷம் குளிச்சான்."

"ஏன், என்ன ஆச்சு?"

நடந்ததைச் சொன்னேன். கூடவே, "அதையும் எழுதுங்க சார்" என்றேன்.

அவர் தர்மசங்கடமாகச் சிரித்தார். "அதெல்லாம் எழுத இதுல எடம் இல்லைங்க. முடியுமா, முடியாதா, அவ்வளவுதான்."

"எப்படி முடியாமப் போச்சுன்னு கேக்க மாட்டீங்களா? இங்கதான் சார் போச்சு. இதே ஸ்கூலுல."

என் குரல் உயர்ந்ததும் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. "ஒக்காருங்க. கவலப்படாதீங்க, இந்தத் தடவ கண்டிப்பாக் கெடைச்சிடும்" என்றார், நல்ல செய்தி சொல்வது போல. கிடைத்துவிட்டது. தபால்காரர் கொண்டு வந்த முதல் பணத்தை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால், வீட்டில் சும்மா கிடக்கிறானே என்று அவனைக் கம்பெனிக்குக் கூட்டிப் போய் என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஒன்றையும் தொட மாட்டான். ஒரு நாள் மத்தியானம் திடீரென்று வானம் கறுத்து, பெரிய தூறலாக விழுந்தது. வெளியே பலகை பலகையாகப் பொம்மை காய்ந்துகொண்டிருந்தது. முதலாளி உட்பட எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினோம். நான் ஒரு பலகையோடு திரும்பும்போது எதிரே அவன் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவானோ என்று பயம். மறுநாளிலிருந்து பலகை தூக்கினான். சோறும் தானே சாப்பிட்டான். குளிப்பது மட்டும் திரும்பவில்லை. அம்மா சாகும்வரை அவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

அவன் மறுபடி பலகை தூக்க ஆரம்பித்த சில மாதத்தில், பணம் வாங்குகிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு ஆபீசர் வீடு வீடாக வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா, "இன்னிக்கு அவன் வேலைக்குப் போவ வேணாம். கட்டில்ல படுக்க வெச்சிடு" என்றாள். நான் முடியாது என்றேன். ஆபீசர் வந்தபோது தம்பி மத்தியானச் சோற்றுக்கு வந்து, முழங்கை வரைக்கும் வெள்ளை மண்ணோடு உட்கார்ந்திருந்தான்.

"வேலைக்குப் போறானா? அப்புறம் எதுக்கு ஒங்களுக்குப் பணம்?"

"போறான் சார். பலகை தூக்கத் தெரியும். தானா சாப்புடத் தெரியும். காசு எண்ணத் தெரியாது. தனியா பஸ்ஸுல போவத் தெரியாது. யாராவது அடிச்சா ஏன்னு கேக்கத் தெரியாது. ரெண்டையும் எழுதுங்க. தெரிஞ்சதுக்காக அவனுக்குத் தண்டன குடுக்காதீங்க."

"எங்கிட்ட சட்டம் பேசாதம்மா" என்றார். இரண்டு மாதத்தில் பணம் நின்றது. அம்மா என்னோடு பேசவில்லை. தீபாவளி வந்தும் பேசவில்லை. அவள் பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவனுக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று இன்னொரு தரம் அவன் முன்னால் யாரும் சொல்ல நான் விட்டிருக்க மாட்டேன்.

அன்றைக்கு ஆபீசர் போனதும் தம்பி கேட்டான். "எனக்கு பஸ்ஸுல போவத் தெரியாதாக்கா? சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். பல ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடம் பஸ்ஸில் அவனோடு போய் வந்தேன். பஸ் எங்கே நின்றாலும் அவன் எழுந்துவிடுவான். "ஒக்காருய்யா" என்று கண்டக்டர் கத்துவார். பழகிவிட்டான் என்று நம்பி ஒரு நாள் தனியாக ஏற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன். அவன் வழியில் எங்கேயோ இறங்கி, ரோட்டோரம் அழுதுகொண்டு நின்றிருந்தான். அதோடு விட்டுவிட்டோம். அது அவனுக்கு வராது. அதை எந்த டாக்டர் கேட்டிருந்தாலும் பொய்யில்லாமல், தலைமுடியைக் கலைக்காமல், அம்மா சொல்லியிருப்பாள். கேட்கவில்லையே, பாவிகள்.